சிடெட் தாள் ஒன்று: கைடை மூடிவிட்டு டீச்சர்களிடம் பேசுங்கள்

மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்குரிய தாள் ஒன்றை எழுதினேன். ரிசல்ட் வந்துவிட்டது, மதிப்பெண் சான்றிதழ் டிஜிலாக்கரில் ஏறிவிட்டது. நிம்மதியாக இருக்கும் இந்த நேரத்திலேயே எழுதிவிடுகிறேன். அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கும் டெல்லித் தமிழர்களுக்கு, அதிலும் 'மொழி ஒன்று' என்ற முதல் மொழிப் பகுதிக்குத் தமிழை எடுப்பவர்களுக்கு இது உதவும். தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு கூட்டல் மட்டும் போட்டுப் பாருங்கள். சிடிபி, அதாவது குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், 30. கணிதத்தில் பெடகாஜி (கற்பிக்கும் முறை) 15, ஈவிஎஸ் என்ற சூழ்நிலையியலில் 15, இரண்டு மொழியிலும் தலா 15. மொத்தம் 90. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணும் 150-க்கு 90தான். பெடகாஜியில் முழு மதிப்பெண்ணை யாரும் வாங்கிவிட முடியாது. ஆனாலும் தாளின் எடை எங்கே இருக்கிறது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. டெல்லி லட்சுமி நகரில் விற்கும் கைடுகளில், குழந்தையின் அறிவு வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன வயதுப் பட்டியலும், ஒழுக்க வளர்ச்சி பற்றி கோல்பெர்க் சொன்ன ஆறு படிநிலைகளும் பக்கம் பக்கமாக இருக்கும். அவற்றிலிருந்து சில கேள்விகள் வரும், அவ்வளவுதான். மீதியெல்லாம் ஒரே அச்சு: ஒரு குழந்தை இப்படிச் செய்தது, ஏன், ஆசிரியர் அடுத்து என்ன செய்வார்?

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் இன்று வகுப்பில் நின்று பாடம் எடுப்பவர்கள். அவர்களிடம் பேசிப் படியுங்கள். டெல்லியில் நமக்கு இது சுலபம். லோதி எஸ்டேட்டிலும் ஆர்.கே.புரத்திலும் ஜனக்புரியிலும் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் இருக்கின்றன. உறவிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு டீச்சர் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. மூன்று பேர் போதும்: மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர், சிறப்புக் குழந்தைகளுடன் வேலை செய்பவர், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துபவர்.

"எப்படி டீச்சர் சொல்லிக் கொடுக்கறீங்க?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். உபதேசம்தான் கிடைக்கும். இப்படிக் கேளுங்கள்:

"இந்த வாரம் பிள்ளைங்க நோட்டுல திரும்பத் திரும்ப வந்த தப்பு எது?"
"அந்தப் பிள்ளை என்ன நினைச்சு அப்படிப் போட்டிருக்கும்?"
"நீங்க உடனே என்ன செஞ்சீங்க? வகுப்புல இருபது பேர்தான்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

கடைசிக் கேள்வியை விடவே கூடாது. தேர்வு எதிர்பார்க்கும் பதில் அதில்தான் கிடைக்கும்.

உதாரணத்துக்கு, 52-27 என்ற கணக்கில் குழந்தை 35 என்று எழுதுகிறது. கவனக்குறைவு என்பது தவறான ஆப்ஷன். இரண்டிலிருந்து ஏழு போகாது. அதனால் பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று தனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. ஒவ்வொரு இலக்கத்தையும் தனி எண்ணாகப் பார்க்கிறது, இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை. சரியான ஆப்ஷன், எப்படிப் போட்டாய் என்று குழந்தையையே சொல்லச் சொல்லி, பிறகு பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டைப் பிரிக்க வைப்பது. அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது தவறு, ஏனென்றால் அந்தத் தவறான விதிதான் மேலும் பலப்படும். 1/3-ஐவிட 1/4 பெரிது என்று சொல்லும் குழந்தையும் இப்படித்தான்: முழு எண்ணில் கற்றதைப் பின்னத்துக்குக் கொண்டுபோகிறது. ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை மடிக்கக் கொடுத்தால் தானே திருத்திக்கொள்ளும். தலைகீழாக வரைந்த முக்கோணத்தை முக்கோணமே இல்லை என்றால், அது வடிவியல் கற்றல் பற்றி வான் ஹீலே சொல்லும் காட்சி நிலை, அதாவது வடிவத்தைத் தோற்றத்தை வைத்தே அடையாளம் காணும் நிலை.

ஒவ்வொரு உரையாடலுக்குப் பிறகும் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: தவறு, அதன் பின்னால் உள்ள எண்ணம், பொருந்தும் கோட்பாட்டின் பெயர். பெயரைக் கடைசியாக ஒட்டினால் மறக்காது. உதாரணமாக, கணக்குப் போடும்போது தனக்குத்தானே முணுமுணுக்கும் குழந்தை. பியாஜே இதைத் தன்மையப் பேச்சு, அதாவது கேட்பவரின் பார்வையை எண்ணாத பேச்சு என்றார். இன்னொரு உளவியலாளர் வைகாட்ஸ்கிக்கு இது குழந்தை தன் செயலைத் தானே வழிநடத்தும் கருவி. கேள்வியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதிலைத் தேர்ந்தெடுங்கள்.

அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2025 செப்டம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ளவர்களும் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டியிருக்கிறது. இருபது வருடம் பாடம் எடுத்தவர்கள் ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை மனதில் வைத்துப் பதில் போடுகிறார்கள், தவறிப் போகிறது. கேள்வியில் இருப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் வகுப்பு, தொடக்க நிலையில் ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகள். மதிப்பெண்படி பிரித்து உட்கார வைப்பது, பரிசு காட்டி ஆர்வமூட்டுவது, தவறை அந்த நொடியே திருத்துவது, பெற்றோரிடம் புகார் சொல்வது போன்ற ஆப்ஷன்கள் ஏறக்குறைய எப்போதும் தவறு. 'மட்டும்', 'எப்போதும்' என்று முடிபவற்றையும் சந்தேகியுங்கள். இது பாசாங்கு என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல ஆசிரியர்கள் இடமும் நேரமும் கிடைத்தால் செய்ய நினைப்பதைத்தான் தேர்வு கேட்கிறது.

வகுப்புக்கு வெளியே கற்பது ஈவிஎஸ் பெடகாஜியின் உயிர். பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைப்பது, 2005 தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு முன்வைத்த முதல் வழிகாட்டிக் கொள்கை. குடும்பமும் நண்பர்களும், உணவு, உறைவிடம், தண்ணீர், பயணம், நாம் செய்யும் பொருட்கள் என்ற ஈவிஎஸ் பாடத்தின் ஆறு கருப்பொருள்களையும் நம் ஊர்க் காட்சிகளோடு சேர்த்துப் படியுங்கள். தண்ணீருக்கு ஹெய்லி சாலையில் உள்ள அக்ரசேன் படிக்கிணறு, பயணத்துக்குச் சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகம், உணவுக்கு ஐஎன்ஏ மார்க்கெட். களப்பயணம் பற்றிய கேள்விக்கு வரிசை இதுதான்: போவதற்கு முன் குழந்தைகளே கேள்விகளை எழுதுவார்கள், அங்கே பார்ப்பார்கள், தொடுவார்கள், ஆட்களிடம் பேசுவார்கள், திரும்பி வந்து குழுவாக விவாதிப்பார்கள். முதலில் பாடத்தை விளக்கிவிட்டு அதைச் 'சரிபார்க்க' அழைத்துப் போவது தவறான ஆப்ஷன். களப்பயணத்துக்கு ஆசிரியரின் முன்தயாரிப்பு தேவையில்லை என்பதும் தவறு.

மொழிப் பெடகாஜிக்கு டெல்லித் தமிழ்க் குழந்தையே பாடப்புத்தகம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். 'க' என்ற ஒரே எழுத்துக்குப் பழகிய பிள்ளை, இந்தியில் அதற்கு ஈடான நான்கு எழுத்துகளைக் குழப்பும். அது குறைபாடு அல்ல, தாய்மொழியின் தாக்கம். வகுப்பில் மொழிகளைக் கலந்து பேசுவதைத் தடுக்கும் ஆப்ஷன் எதுவும் சரியாகாது. பன்மொழி வகுப்பு ஒரு வளம் என்ற நிலைப்பாட்டிலிருந்து நகராதீர்கள். தமிழ்க் கவிதைப் பகுதியில் கேள்விகளை முதலில் படித்துவிட்டுக் கவிதைக்குப் போங்கள், நேரம் மிச்சம்.

தேர்வறையில்: 150 நிமிடம், 150 கேள்வி, தவறான பதிலுக்கு நெகட்டிவ் மார்க் இல்லை. ஓஎம்ஆர் விடைத்தாளில் ஒரு வட்டத்தைக்கூடக் காலியாக விடாதீர்கள்.

கடைசியாக, தமிழ் எடுத்தவர்களைப் பெரிதும் அலைக்கழிக்கும் விஷயம். முதன்மைக் கேள்வித்தாளில் மொழிப் பகுதிகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். தமிழுக்குத் தனி இணைப்புப் புத்தகம் உண்டு. டெல்லி மையங்களில் தமிழ் எடுப்பவர்கள் குறைவு, கண்காணிப்பாளர் மறந்துவிடலாம். தேர்வு தொடங்குவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். அதன் குறியீடும் முதன்மைத் தாளின் குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உடனே மாற்றச் சொல்லுங்கள். இணைப்பில் நான்காம் பகுதி, ஐந்தாம் பகுதி இரண்டுமே தமிழில் இருக்கும். தமிழ் உங்கள் மொழி ஒன்று என்றால் நான்காம் பகுதி மட்டுமே உங்களுடையது, ஓஎம்ஆரில் 91 முதல் 120 வரை. 121-க்கு முதன்மைத் தாளுக்குத் திரும்பி, விண்ணப்பத்தில் மொழி இரண்டாக எதைக் கொடுத்தீர்களோ அந்தப் பகுதியைத் திறங்கள்.