டோக்கியோ: மறக்க முடியாத மூன்று கடைகள்

நவம்பர் 12, செவ்வாய்

கண்டா பகுதியில் யாபு சோபா. 1880-இல் தொடங்கிய கடை. 2013-இல் தீ விபத்தில் பழைய கட்டடம் சேதமடைய, அடுத்த ஆண்டே புதிதாகக் கட்டித் திறந்திருக்கிறார்கள். கல்லாவில் இருக்கும் அம்மா, யார் என்ன கேட்டாலும் அதை ராகம் போட்டு இழுத்து அடுக்களைக்குச் சொல்கிறார். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம்.

மூங்கில் தட்டில் குளிர்ந்த சோபா, அதாவது பக்வீட் என்ற தானிய மாவில் செய்த நூடுல்ஸ் வந்தது. அளவு குறைவுதான். தொட்டுக்கொள்ளும் சாறு கறுத்து, உப்புத் தூக்கலாக இருக்கிறது. நுனியை மட்டும் தோய்த்து உறிஞ்ச வேண்டும். முழுக்க முக்கினால் மாவின் மணம் போய்விடும். கடைசியில் நூடுல்ஸ் வெந்த நீரையே சூடாகக் கொண்டுவந்து வைத்தார்கள். மிஞ்சிய சாற்றில் ஊற்றிக் குடிப்பது இங்கே வழக்கம். வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நவம்பர் 13, புதன்

நாள் முழுக்க மழை. ஷின்ஜுகு நிலையத்தை ஒட்டிய சந்தில் கோழித் துண்டுகளைக் கரியில் வாட்டித் தந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, மனதில் நிற்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

இந்தப் பயணத்தின் சாப்பாடு இதுதான். அசகுசா அருகே கோமகதா தோஜோ. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட அதே 1801-இல் தொடங்கிய கடை! பாய் விரித்த தரையில் நீளப் பலகைகள், அவைதான் மேசை. எல்லோரும் சப்பணமிட்டு அமர்கிறார்கள்.

எதிரே கரி அடுப்பு, அதன்மேல் ஆழமில்லாத இரும்புச் சட்டி. அதில் தோஜோ மீன்கள் தலையும் வாலுமாக நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மரப்பெட்டி நிறைய நறுக்கிய வெங்காயத்தாள் தருகிறார்கள். மீன் மறையும்வரை அள்ளிக் குவித்து, அது வாடியதும் எடுத்துச் சாப்பிட வேண்டும். முள் தெரியவே இல்லை. உயிர்மீனை முதலில் சாக்கே மதுவில் ஊறவிட்டு, பிறகு மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) குழம்பில் மெல்ல வேகவைப்பதால் வரும் பதம்.

மதுரைக்காரன் இதை எப்படி மறப்பேன்? நம் அயிரையும் தோஜோவும் ஒரே குடும்பத்து மீன்கள். அங்கே உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்கவைப்பார் அப்பத்தா. புளிக்குழம்பு வேறு, மிசோ வேறு. ஆனால் சேற்று மீனை மதித்துச் சமைக்கும் கை ஒன்றுதான். இரண்டாவது சட்டியும் வாங்கினேன்.

நவம்பர் 15, வெள்ளி

உடன் வந்த நண்பர் சைவம். காய்கறிச் சாறு என்று சொல்லும் பாத்திரத்திலும் இங்கே பெரும்பாலும் காய்ந்த மீனின் சாரம் இருக்கும். பாவம், பழமும் ரொட்டியுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். இன்று டோக்கியோ நிலையத்துக்குள் டீஸ் டான்டான். மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத ராமென், அதாவது சாற்றில் மிதக்கும் நூடுல்ஸ். எள் மணக்கும் காரச் சாற்றை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார். கடை டிக்கெட் வாயிலுக்கு உள்ளே இருப்பதால் ரயில் ஏறாதவர்கள் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். நாளை மதியம் கியோட்டோவுக்கு ஷின்கன்சென் அதிவேக ரயில் இதே நிலையத்தில்தான். சற்று முன்னதாகக் கிளம்பினால் அவருக்கு இன்னொரு கிண்ணம் கிடைக்கும்.