தாலாட்டில் நின்றுபோன மனசு

நேற்று சாயங்காலம் வியன்னாவில் ஒரு சின்னத் தேவாலயத்தில் செக் மாணவர்களின் சேர்ந்திசை கேட்டேன். முதலில், செக் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ்ஸைப் பின்பற்றிய ஹுஸ்ஸைட்டுகளின் 15-ஆம் நூற்றாண்டுப் போர்ப்பாட்டு, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் எல்லாரும் ஒரே குரலாகப் பாட, உட்கார்ந்திருந்த மரபெஞ்சே அதிர்ந்த மாதிரி இருந்தது. பின்னாளில் செக் இசையமைப்பாளர் ஸ்மெதனா தன் 'என் தாய்நாடு' படைப்பில் எடுத்தாண்டது இந்த மெட்டைத்தான். அப்புறம் மிஹ்னா என்ற செக் இசையமைப்பாளர் 1647-ல் வெளியிட்ட தாலாட்டு. முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு, கையில் குழந்தை இருப்பது போலவே லேசாக அசைந்தபடி பாடினாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இன்னொரு செக் இசையமைப்பாளரான த்வோர்ஷாக்கின் இசையையும் பாடினார்கள். கடைசியில் இன்னொரு செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் இசை. மக்கள் சாதாரணமாகப் பேசும் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே ஸ்வரமாகக் குறித்துவைத்தவர் அவர், அதனாலோ என்னவோ மொழி தெரியாத எனக்கும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. அந்தத் தாலாட்டை மட்டும் இன்னொரு தடவை கேட்க வேண்டும்.