கத்திரி வெயிலில் மீன் தொட்டி: ஐஸ் பாட்டிலை விட ஃபேன் மேல்

அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் மாடி வீட்டு மீன் தொட்டியில் தண்ணீர் மதியத்துக்குள் 32, 33 டிகிரிக்கு ஏறிவிடும். கப்பி, மோலி, டெட்ரா போன்றவற்றுக்கு 24 முதல் 28 வரை சரி. கோல்டுஃபிஷ் அதற்கும் முன்பே சோர்ந்துபோகும். டிஸ்கஸுக்கு 30 வரை கவலையில்லை.

சூட்டை விட மூச்சுத் திணறல்தான் பெரிய ஆபத்து. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 32-ல் 7.3 தான். சூடு ஏற ஏற மீனுக்கோ ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் உடனே ஏர் பம்ப்பைப் போடுங்கள். செடி வைத்த தொட்டியில் இரவு முழுக்க ஓடட்டும், ஏனென்றால் இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும்.

உறைய வைத்த பாட்டிலை மிதக்கவிடுவது பலரின் வழக்கம். கணக்குப் போட்டால் அதன் பலன் தெரியும்: 100 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஐஸ் முழுதும் உருகினால் குறைவது ஏறக்குறைய ஒரே ஒரு டிகிரி. ஐஸ் தீர்ந்ததும் சூடு திரும்ப ஏறும், இந்த ஏற்ற இறக்கமே மீனை வாட்டும். அதே தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆறு டிகிரிக்கு ஈடான சூட்டை எடுத்துச் செல்லும். அறையிலிருந்து சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் 2 முதல் 4 டிகிரி குறையும், ஆனால் அது நிலையாக நிற்கும்.

இப்படித் தண்ணீரை ஆவியாக்க 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரும் போதும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, தண்ணீருக்கு 5 முதல் 10 செ.மீ. மேலே, காற்று நீர்ப்பரப்பைச் சாய்வாக உரசிப் போகும்படி பொருத்துங்கள். ஈரக்காற்றை உறிஞ்சும்படி திருப்பி வைத்தால் மோட்டார் சீக்கிரம் துருப்பிடிக்கும். மீன் எகிறிக் குதிக்காமல் இருக்க மேலே அகலக் கண்ணி வலை கட்டுங்கள். அடாப்டர் வயர் பிளக் பாயின்ட்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஜன்னலைத் திறந்து வைப்பது முக்கியம். ஈரம் வெளியே போகாத அறையில் ஃபேன் ஓடியும் பயனில்லை. மதுரை, சேலம் போன்ற வறண்ட ஊர்களில் பலன் அதிகம், கடலோரப் புழுக்கத்தில் குறைவு.

சூட்டை அளந்து ஃபேனைத் தானாக இயக்க எஸ்டிசி-1000 கன்ட்ரோலர் வாங்கலாம். எஃப்1-ல் (நிற்க வேண்டிய சூடு) 28, எஃப்2-ல் (அதற்கு மேல் எவ்வளவு ஏறினால் ஃபேன் ஓட வேண்டும் என்பது) 0.5 என்று வையுங்கள். கூலிங் இணைப்பு 7, 8 முனைகளில். அவை வெறும் சுவிட்ச் மட்டுமே, அவற்றிலிருந்து மின்சாரம் வராது. 230 வோல்ட் வேலை என்பதால் எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே நல்லது.

ஃபேன் ஓடும் தொட்டியில் தினமும் தண்ணீர் இறங்கும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்ததை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்டுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கடினத்தன்மை வாரத்துக்கு வாரம் ஏறும். வழக்கமான தண்ணீர் மாற்றத்தை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். மதியம் மொட்டை மாடி டேங்க்கிலிருந்து வருவது கொதிக்கும்.

தீனியைப் பாதியாகக் குறையுங்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா உருவாகும். பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 8 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு 25 டிகிரியில் 5 சதவீதம் என்றால் 32-ல் 8-ஐத் தாண்டும். மீந்த தீனி அழுகினால் ஆக்சிஜனும் போகும், அம்மோனியாவும் ஏறும்.

மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். இல்லையென்றால் தொட்டித் தண்ணீரையே மக்கில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டிருங்கள்.