பழைய குவில்ட்கள் சொல்லிக்கொடுத்த லாக் கேபின்

பழைய குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து அடுக்காகத் தைத்த போர்வை) கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கூடம் மங்கலாகத்தான் இருக்கும். துணிகளைக் காட்சிக்கு வைக்கும்போது வெளிச்சத்தை 50 லக்ஸ் என்ற குறைந்த அளவில் வைத்திருப்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். வெளிச்சம் பட்டு வெளுத்த சாயத்தை யாராலும் மீட்க முடியாது. கண் பழகும்வரை பொறுமையாக நில்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே மங்கிப்போன போர்வைகளாகத்தான் தெரியும்.

நடுச் சதுரத்தைச் சுற்றித் துணிப் பட்டைகளைத் தைத்துக்கொண்டே போகும் வடிவத்துக்கு லாக் கேபின் என்று பெயர். பாதி வேலையில் நிற்கும் என் லாக் கேபின் போர்வைக்கு நிறப் பொருத்தம் பார்க்கலாம் என்றுதான் போனேன். ஆனால் என்னை நிறுத்திவைத்தவை கிழிசல்கள்தான். நன்றாக இருக்கும் போர்வை வடிவத்தை மட்டும் காட்டுகிறது. கிழிந்த போர்வை உள்ளே என்ன இருக்கிறது, எந்த வரிசையில் தைத்தார்கள் என்பதையெல்லாம் காட்டிவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டுப் பருத்திப் போர்வை ஒன்றில் அடர்பழுப்புத் துண்டுகள் மட்டும் அரித்துப்போய் உள்ளிருக்கும் பஞ்சு தெரிந்தது. பக்கத்துச் சிவப்புத் துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் ஒரே போர்வையில் இருந்தவை, ஒன்றாகவே துவைக்கப்பட்டவை. காரணம் சாயத்தில் இருக்கிறது. அன்றைய பழுப்பையும் கறுப்பையும் பெரும்பாலும் இரும்பு உப்பும் துவர்ப்புப் பொருளும் சேர்த்து ஏற்றினார்கள். அந்த இரும்பு காலப்போக்கில் இழையையே தின்றுவிடும். சிவப்பு 'டர்க்கி ரெட்' வகை. மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்த சாயத்தை எண்ணெயும் படிகாரமும் சேர்த்துப் பல கட்டமாக ஏற்றுவது. துவைத்தாலும் எளிதில் போகாது. பச்சை இலைகள் சில நீலமாகத் தெரிந்ததும் சாய விவகாரம்தான். மஞ்சளும் நீலமும் மேலுக்குமேல் ஏற்றிய பச்சை அது, மஞ்சள் முதலில் வெளுத்துவிட்டது.

நம் பக்கத்துத் துணியும் அங்கே இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து போன, சின்ட்ஸ் எனப்படும் வண்ணப் பூவேலைப் பருத்தித் துணியின் பூக்களையும் பறவைகளையும் தனித்தனியாக வெட்டி, வெள்ளைத் துணியில் பரப்பித் தைத்திருந்தார்கள். விலை கூடிய துணி என்பதால் சிறிய துண்டையும் வீணாக்கவில்லை. இங்கிலாந்தில் இந்தத் துணிக்கு எதிராக 1700இலும் 1721இலும் சட்டம் போட்டார்கள், 1774இல்தான் தடை தளர்ந்தது. சாயவேர்ச் சிவப்பு இன்னும் பளிச்சென்று இருந்தது. கறுப்புக் கோடுகள் ஓடிய இடத்தில் மட்டும் பொடிப்பொடியாக ஓட்டை. மறுபடியும் அதே இரும்பு, இம்முறை கடுக்காயோடு.

ஒழுங்கில்லாத வடிவத் துண்டுகளை இணைத்துத் தைத்த, 1880களில் பிரபலமான 'கிரேஸி குவில்ட்' பட்டுத் துண்டுகளைப் பார்த்தால் மனசு கேட்காது. பட்டிழையில் இயல்பாக இருக்கும் பசையை நீக்கினால் எடை குறையும், அந்த எடையை ஈடுகட்ட உலோக உப்பு ஏற்றி விற்றார்கள். அந்தப் பட்டு இப்போது கோடுகோடாக வெடித்து நிற்கிறது. எம்பிராய்டரி நூல் அப்படியே இருக்கிறது, அடியில் துணி இல்லை.

அளவாக வெட்டிய காகிதத்தின்மேல் துணியை மடித்துத் தைத்த அறுகோணப் போர்வைக்கு வருகிறேன். வேலை முடியாமல் நின்றுபோன ஒன்று என்பதால் பின்பக்கம் காகிதங்கள் அப்படியே இருந்தன. கையுறை போட்ட ஊழியரிடம் கேட்டேன், ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். கடிதங்கள், கணக்குப் புத்தகத் தாள், அச்சுத் தாள் என்று கிடைத்ததையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். பிரிட்டனில் தேதி போட்ட ஒட்டுத்துணி வேலைகளில் மிகப் பழையதாகச் சொல்லப்படும் 1718ஆம் ஆண்டுப் பட்டு விரிப்பிலும் காகிதங்கள் உள்ளேயே தங்கிவிட்டன. காகிதத்தில் உள்ள தேதியை வைத்து, அதற்கு முன் தைத்திருக்க முடியாது என்று சொல்லலாம். எப்போது தைத்தார்கள் என்பதற்கு அது போதாது. பழைய தாளைப் பத்திருபது வருடம் பெட்டியில் வைத்திருந்து வெட்டுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

பக்கத்தில் நின்ற ஒருவர், "கடவுள் மட்டுமே குறையில்லாதவர் என்பதால் வேண்டுமென்றே ஒரு துண்டைத் தவறாக வைப்பார்களாம்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அழகான கதை, ஆனால் குவில்ட் வரலாற்றை ஆராய்கிறவர்கள் இதை ஏற்பதில்லை. கையால் தைக்கிறவர்களுக்குத் தவறு தானாகவே வரும், தனியாக உண்டாக்க வேண்டியதில்லை!

சரி, லாக் கேபின். கண்காட்சியில் இருந்த அந்த வகைப் போர்வை ஒன்றின் மூலை தேய்ந்து, பட்டைகளுக்கு அடியில் வேறொரு துணி எட்டிப்பார்த்தது. அச்சுப்போட்ட பழைய துணி, கட்டத்துக்குக் கட்டம் வேறுவேறு. நடுவில் பஞ்சு இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு அடித்துணியின்மேல் தைத்து உருவாக்கியிருக்கிறார்கள். அதனாலேயே போர்வை கனமாக இருக்கும், பஞ்சும், அடுக்குகளைச் சேர்த்து நெருக்கமாகப் போடும் குவில்டிங் தையலும் தேவைப்படாது. இந்த முறையைப் படித்திருந்தேன், ஆனால் நேரில் பார்த்தபின்தான் கை பரபரத்தது.

வீட்டுக்கு வந்ததும் துவைத்துத் துவைத்து மெல்லிசான பருத்தித் துணியைச் சதுரமாக வெட்டினேன். பென்சிலால் மூலைக்கு மூலை இரண்டு கோடு. கோடுகள் வெட்டும் இடத்தில் சிவப்புச் சதுரம். முதல் பட்டையை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் வைத்து, அடித்துணியையும் சேர்த்துத் தைத்து, பட்டையைத் திருப்பி விரித்து நகத்தால் அழுத்திவிட்டேன். அடுத்த பட்டை பக்கத்து ஓரத்தில். இரண்டு பக்கம் வெளிர் நிறம், இரண்டு பக்கம் அடர் நிறம். பட்டையின் மூலை பென்சில் கோட்டில் வந்து உட்கார்ந்தால் கட்டம் நேராகப் போகிறது என்று அர்த்தம். விலகினால் அந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும், கடைசிவரை காத்திருக்க வேண்டாம்.

வித்தியாசம் உடனே தெரிந்தது. பழைய சட்டை, சேலை என்று தடிமன் மாறுபடும் துணிகளைக் கலந்தபோது முன்பெல்லாம் கட்டம் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும். இப்போது இழுவையை அடித்துணி தாங்கிக்கொள்கிறது. இரண்டு விரற்கடைப் பட்டையை ஒரு விரற்கடையாகக் குறைத்தும் கோணவில்லை. ஒரே சிரமம், கையால் தைத்தால் ஊசி மூன்று துணிகளைக் கடக்க வேண்டும். நான் நடுச் சதுரத்தையும் முதல் சுற்றையும் கையிலும் மற்றதை மெஷினிலும் தைக்கிறேன்.

அடர்பழுப்பு வேண்டாம் என்ற எண்ணம் வந்தது, அப்புறம் விட்டுவிட்டேன். இன்றைய சாயத்துக்கு அந்தப் பயம் தேவையில்லை. சிவப்பைத்தான் சோதிக்க வேண்டும். ஈர வெள்ளைத் துணியை அதன்மேல் தேய்த்துப் பார்த்து, ஒட்டாததை மட்டும் எடுத்துவைத்திருக்கிறேன்.

அடுக்கும் விதம் இன்னும் முடிவாகவில்லை. நடுவிலிருந்து சாய்சதுரமாக விரியும் 'பார்ன் ரைசிங்' பிடிக்கிறது, ஆனால் அதற்குக் கட்டங்கள் நிறைய வேண்டும். கையில் இருப்பதற்கு, சாய்வாக வரிவரியாக ஓடும் 'ஸ்ட்ரெயிட் ஃபரோ' போதும். பின்பக்கத்துக்கு ஒரே மெல்லிய துணி, நடுவில் பஞ்சு கிடையாது. கட்டங்கள் சேரும் மூலைகளில் நூல் முடிச்சுப் போட்டுப் பிணைத்துவிடப் போகிறேன்.