சி டிரைவிலிருந்து ஒரு குடிமாற்றம்

ஜூன் 4, 2023, ஞாயிறு

கடைக் கணினியில், சி டிரைவ் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பட்டை சிவந்து ஒரு வாரம் ஆகிறது. 120 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி, அதாவது வேகமான சேமிப்பகம். விண்டோஸ் கணக்கில் 111. அதில் மிச்சம் 1.9. டிவிடி இருந்த இடத்தில் கேடி (caddy) என்ற தாங்கும் சட்டம் போட்டு மாட்டிய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், டி டிரைவ் என்ற பெயரில் முக்கால்வாசி காலியாகத் தூங்குகிறது. ஆடி பிறப்பதற்குள் அச்சுக்குப் போகவேண்டிய கல்யாணப் பத்திரிகைகள் வரிசையில் நிற்கின்றன.

இடத்தை அடைத்திருப்பது பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருள். படங்களும் மாதிரிகளுமாக 14 ஜிபி. அழித்துவிட்டு மறுபடி நிறுவ வழியில்லை: நிறுவும் குறுந்தட்டு தொலைந்துவிட்டது, விற்றவர் கடையை மூடிவிட்டார்.

பொறுமை இல்லாமல் ஃபோல்டரை அப்படியே வெட்டி டி-யில் ஒட்டினேன். பாதி வழியில் 'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்று நின்றது. உரிமத்தைச் சரிபார்க்கும் சேவை பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பாதி அங்கே, பாதி இங்கே. முகப்புச் சின்னத்தை அழுத்தினால் திறக்கவில்லை. டி-க்குள் போய் நேரடியாக அழுத்தினேன். திறந்தது, ஆனால் என்னை யாரென்றே தெரியாததுபோல் உரிம எண் கேட்டது. எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே திரும்பக் கொட்டிய பிறகுதான் உயிர் வந்தது.

ஜூன் 5, திங்கள்

விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அந்த ஃபோல்டரின் முகவரியைத் தேடினேன். அடுத்ததைத் தேடும் எஃப்3 விசையை அழுத்த அழுத்த வந்துகொண்டே இருந்தது. அறுபதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். சேவையின் பாதை, எந்தக் கோப்பை எதில் திறப்பது என்ற பதிவு, நீக்குவதற்கான பதிவு என எல்லா இடத்திலும் சி டிரைவ் விலாசம். வீடு மாறியவர் ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு எதிலும் முகவரியை மாற்றாத கதைதான் நேற்று நடந்தது.

மென்பொருள்கள் குடியிருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர் இருக்குமிடத்தையே ரெஜிஸ்ட்ரியில் மாற்றிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். மைக்ரோசாப்ட் அதற்கு ஆதரவு இல்லை என்று சொல்லியிருக்கிறது. வேண்டாம்.

ஜூன் 6, செவ்வாய்

சுலபமானவை முதலில். நிறுவும் கோப்பு கையில் இருந்த இரண்டு மென்பொருள்களை நீக்கிவிட்டு, டி-யில் இடம் காட்டி மறுபடி நிறுவினேன். இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. முடிகிறவர்கள் இதையே செய்யலாம். நினைவகத்தில் இருப்பதை டிரைவில் எழுதிவைத்துவிட்டுக் கணினி உறங்கும் ஹைபர்னேட் வசதியை நிறுத்தியதில் 3.2 ஜிபி கிடைத்தது, 8 ஜிபி நினைவகத்தில் நாற்பது சதவீதம்.

ஜூன் 8, வியாழன்

கடை சாத்திய பிறகு உட்கார்ந்தேன். பொருளை டி-க்கு மாற்றிவிட்டு, சி-யின் பழைய முகவரியில் அங்கே திருப்பிவிடும் ஓர் இணைப்பை வைப்பதுதான் திட்டம். முதலில் அந்த உரிமச் சேவையை நிறுத்தினேன். பிறகு நிர்வாகி அனுமதியுடன் கட்டளைத் திரையைத் திறந்து, விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியால் நகல். கோப்புகளின் அனுமதிகளையும் சேர்த்து நகலெடுக்க 'காப்பிஆல்' என்ற சொல்லையும் சேர்த்தேன். சாதாரணமாக நகலெடுத்தால் டி டிரைவின் தாராள அனுமதி வந்து ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தில் உட்காருகிற யாரும் மென்பொருளின் கோப்புகளை மாற்றலாம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அந்தச் சலுகை இல்லை. நகல் முடிந்ததும் பாதுகாப்புத் தாவலில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

பழைய ஃபோல்டரை அழிக்கவில்லை. பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று மட்டும் சேர்த்தேன். அடுத்து, இணைப்பை உருவாக்கும் கட்டளை: எம்கேலிங்க், சாய்கோடு, ஜே. 'ஏற்கெனவே இருக்கும் கோப்பை உருவாக்க முடியாது' என்று முகத்தில் அடித்தது. பாதைகளை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்: முதலில் வரவேண்டியது புதிதாகப் பிறக்கும் இணைப்பு, அதாவது சி-யின் பழைய முகவரி. பொருள் உண்மையில் இருக்கும் டி முகவரி அதற்குப் பின்னால்தான்.

மாற்றி அடித்ததும் பிறந்தது. பட்டியலிட்டுப் பார்த்தால் அந்தப் பெயருக்கு எதிரே 'ஜங்ஷன்' என்று நிற்கிறது. விழுப்புரம் ஜங்ஷன் மாதிரிதான். வண்டி சி-க்கு வருகிறது, தடம் டி-க்குத் திருப்பிவிடுகிறது, உள்ளே இருக்கும் பயணிக்கு எதுவும் தெரியாது. சேவையைத் தொடங்கி, சின்னத்தை அழுத்தினேன். உரிம எண் கேட்கவில்லை. பாதியில் விட்ட பத்திரிகை பிள்ளையார் சுழியோடு திறந்தது. முன்பு பன்னிரண்டு வினாடி, இப்போது நாற்பது. ஹார்ட் டிஸ்க் அல்லவா. ஒரு வாய் டீ குடிக்கலாம்.

ஜூன் 9, வெள்ளி

கடைப் பையன் காலையில் கூப்பிட்டான். "அண்ணே, அதே ஃபோல்டர் சி-யிலும் இருக்கிறது, டி-யிலும் இருக்கிறது. சி-யில் இருப்பதைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடட்டுமா? இடம் மிச்சமாகும்."

சுட்டியை அவன் கையிலிருந்து வாங்கிய பிறகுதான் மூச்சு விட்டேன். இரண்டும் ஒரே கோப்புகள். சி வழியாக உள்ளே போய் அழித்தாலும் போவது டி-யில் இருப்பதுதான். இணைப்பு மட்டும் வேண்டாமென்றால் ஆர்எம்டிஐஆர் கட்டளை போதும், பொருள் அப்படியே இருக்கும். 'இது ஜங்ஷன், தொடாதே' என்று மானிட்டர் ஓரத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 11, ஞாயிறு

நேற்று ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை, மென்பொருளும் போயிற்று. கேடியின் திருகு தளர்ந்திருந்தது; இறுக்கியதும் வந்துவிட்டது. டி என்ற எழுத்தையும் இனி மாற்றக்கூடாது, ஜங்ஷன் அந்த எழுத்தைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.

மூன்று நாளில் ஏழு பத்திரிகை அச்சுக்குப் போயின. இன்று 'பழையது' ஃபோல்டரை அழித்தேன். சி-யில் 23 ஜிபி காலி. பட்டை நீலம். மானிட்டர் ஓரச் சீட்டை மட்டும் எடுக்கவில்லை.