மலைவாசி என்றால் தழையாடையா?

சேலத்தில் ஏற்காடு சாலையில், பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டி மலையேறினால் மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்கள். கேரளத்து மலையாளிகள் இல்லை, இவர்கள் வேறு. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், பேசுவது தமிழ். மரத்தில் மூங்கில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பார்கள், காபிப் பழத்தைக் களத்தில் காயவைப்பார்கள். பிள்ளைகள் சீருடையோடு பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

சினிமாவிலோ மலைவாசி என்றாலே தழையாடை, கையில் ஈட்டி, நெருப்பைச் சுற்றி ஒரு ஆட்டம். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், காபி மூட்டை சுமந்து வருகிறவரிடமே "இங்க ஆதிவாசிங்க எங்க இருப்பாங்க?" என்று கேட்கிறார்கள். எனக்குக் கேட்பவர்மேல்கூட இல்லை, அந்தக் காட்சியை எழுதியவர்மேல்தான் கோபம். மற்றவர்களைப் பற்றி நூறு விதமாகப் படம் வரும், ஒன்று பொய் என்றால் இன்னொன்று சரிசெய்யும். இவர்களுக்கு அந்த ஒன்றேதான்.

சினிமா எழுதுகிற தம்பிகளே, மே மாதம் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வாருங்கள். இவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், அப்புறம் எழுதுங்கள்.