சிக்னல் நின்ற பிறகு

ஒரு பிளக்குக்கு எந்த சுவிட்சிலிருந்து மின்சாரம் வருகிறது என்று கண்டுபிடிக்க, பிளக்கில் டிரான்ஸ்மிட்டரைச் சொருகி, அது ஒயரில் அனுப்பும் சிக்னலை ரிசீவரால் தேடுவோம். என்னோடு வேலை பார்க்கும் தம்பி அந்த ரிசீவரைக் கையாண்ட விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒட்டி ஓடும் ஒயர்களுக்கும் சிக்னல் தாவும் என்பதால் டி.பி.யில், அதாவது மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரிக்கும் பெட்டியில், மூன்று எம்.சி.பி.களில் (ஒவ்வொரு லைனையும் துண்டிக்கும் சுவிட்சுகள்) ரிசீவர் ஒலித்தது. அவர் அவசரப்படாமல், ரிசீவரின் உணர்திறனைக் குறைத்துக்கொண்டு வரிசையாக மறுபடியும் பார்த்து, வலுவாக ஒலித்த ஒன்றை மட்டும் இறக்கி அணைத்தார். பிளக்கில் சொருகியிருந்த டிரான்ஸ்மிட்டரின் விளக்கு அணைந்தது, ரிசீவரும் அடங்கியது. "சிக்னலே நின்னுடுச்சு அண்ணே, பாக்ஸைத் திறக்கலாம்" என்றார். "அளக்காம கை வைக்க வேண்டாம் தம்பி" என்றேன். குரல் சற்றுக் கடுமையாகவே இருந்திருக்கும்.

என் தரப்பு நியாயம் எளிமையானது. அந்த டிரான்ஸ்மிட்டர், சொருகிய லைனிலிருந்தே மின்சாரம் எடுத்து இயங்கும் வகை. அது அடங்கினால் அந்தப் பிளக்குக்கு மின்சாரம் வரவில்லை என்று கொள்ளலாம். அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. நாங்கள் திறக்கவிருந்த, ஒயர்கள் இணையும் ஜங்ஷன் பாக்ஸ் வழியாக வேறு எம்.சி.பி.யின் ஒயரும் போகலாம். பேட்டரியில் இயங்கும் வகையாக இருந்தால் மெயினையே இறக்கினாலும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஆகவே யாரும் மறுபடி போட்டுவிடாதபடி எம்.சி.பி.யைப் பூட்டி எச்சரிக்கை அட்டை மாட்டச் சொன்னேன். மின்சாரம் இருப்பது தெரிந்த இடத்தில் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரைச் சோதித்து, பாக்ஸில் இருந்த ஒவ்வொரு ஒயரையும் நியூட்ரலோடும் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்தோடும் அளந்து, மீட்டரை மறுபடி பழைய இடத்தில் சோதித்தேன். எல்லாம் பூஜ்யம். ஒயரில் ஓடும் கரண்டை அளக்க நியூட்ரலில் போட்ட கிளாம்ப் மீட்டரும் பூஜ்யமே காட்டியது. தம்பி ஒன்றும் பேசவில்லை, லேசாகச் சிரித்தார்.

அளக்கச் சொன்னது சரி என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அளவீடும் முழு உத்தரவாதம் இல்லை என்பதை அவரிடம் சொல்லாமல் விட்டது சரியா என்று கேட்டுக்கொண்டால் பதில் தடுமாறுகிறது. வேறொரு எம்.சி.பி.யின் சர்க்யூட் தன் மின்சாரம் திரும்பிப் போக இந்த நியூட்ரலை இரவல் வாங்கியிருந்தால், நியூட்ரல் இணைப்பு முழுதாக இருக்கும்வரை மல்டிமீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யத்தையே காட்டும். இணைப்பைப் பிரித்தபின், அந்தச் சர்க்யூட்டின் லோடு (விளக்கு, விசிறி போன்றவை) போட்டிருந்தால், லோடு பக்கத்து முனையில் முழு வோல்டேஜும் வந்து நிற்கும். கிளாம்ப் மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்கும் என்றாலும், அந்த நேரத்தில் லோடு ஓடிக்கொண்டிருந்தால்தான் காட்டும். அப்படிப் பார்த்தால் அவர் நின்ற இடத்துக்கும் நான் நின்ற இடத்துக்கும் இருந்தது அளவு வித்தியாசம்தானோ? இல்லை, அப்படிச் சுருக்கிவிடவும் முடியாது. அவர் கையில் இருந்தது தேடும் கருவி, என் கையில் இருந்தது அளக்கும் கருவி.

பிற்பாடு, புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு அவர் வேலை கற்றுக்கொடுப்பதைக் கேட்டேன்: "சிக்னல் நின்னா லைன் செத்துடுச்சு. அண்ணன் அளப்பார், அது அவர் பழக்கம்." தனியாக அழைத்துக் கேட்டபோது, "அன்னைக்கு அளந்தப்பவும் பூஜ்யம்தானே அண்ணே வந்துச்சு" என்றார். காரணங்களை எல்லாம் விளக்கினேன். தலையாட்டினார், ஆனால் அவர் கண்ணால் பார்த்தது அந்தப் பூஜ்யத்தைத்தான். இப்போது அவரோடு எந்தப் பாக்ஸைத் திறந்தாலும், மீட்டரில் ஒருமுறையாவது வோல்டேஜ் காட்டாதா என்று மனம் எதிர்பார்க்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவனுக்கு இப்படி ஓர் ஆசை வருவது எனக்கே பிடிக்கவில்லை.